வீட்டில் அடுப்பு கிடையாது

பிப்ரவரி 4, 1935, திங்கள்

அப்பாவுக்குத் திட்டத் தெரியாது. பேசாமல் ஈரத்துணியை எடுத்து என் கையில் கொடுப்பார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டினால் தேவலை.

விஷயம் போர்டு. மண்டி மொஹல்லாவில் எங்கள் ஓட்டல் கல்யாணி விலாஸ் வாசலில் தொங்குகிறதே, கறுப்புப் பலகை, அதில் கன்னடத்திலும் தமிழிலும் இரண்டே வரி: “இங்கே உங்களுக்குப் பரிமாறுவதையே எங்கள் குடும்பமும் சாப்பிடுகிறது. எங்கள் வீட்டில் அடுப்பு கிடையாது.” நேற்று அதன் அடியில் சாக்கட்டியால் மூன்றாவது வரி எழுதி வைத்தேன்: “ஆகையால் தயவுசெய்து மிச்சம் வைக்கவும்.”

மத்தியானம் வரை யாரும் கவனிக்கவில்லை. லிங்கப்பன்தான் முதலில் பார்த்தார். மார்டள்ளி கிராமத்துக்காரர், புளி மூட்டையோடு வந்தால் மூன்று நாள் மண்டியில் தங்கி, வேளை தவறாமல் எங்கள் வெளிக்கூடத்தில்தான் சாப்பாடு. சிரிக்காமல் ஒரு வடையை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். “அம்மிணிக்குங்க சாமி. போர்டுல போட்டிருக்குதுங்களே.”

கூடமே சிரித்தது. அப்பா ஈரத்துணியை எடுத்து வந்தார்.

பிப்ரவரி 10

பத்மாஸினி அத்தை மேலுகோட்டையிலிருந்து வந்திருக்கிறாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். “தளிகை உள்ளே இல்லாத ஆத்துல என்னத்தைக் குடிக்கறது” என்பது அவள் கட்சி. எங்காத்துப் பெருமாளுக்கும் ஓட்டல் சாப்பாடுதான் அம்சை, அதாவது நைவேத்தியம். அவர் இதுவரை போர்டைப் பற்றிப் புகார் சொன்னதில்லை என்றேன். அத்தை காதைப் பொத்திக்கொண்டாள்.

போர்டின் கதையை ஆழ்வார் மாமா புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வார். அவர்தான் எங்கள் தலைமைப் பரிசாரகர். பதினேழு வருஷத்துக்கு முன், ஓட்டல் திறந்த புதிதில், சாப்பிட வந்த ஒருவர் சாம்பாரைக் காட்டி, “இதை உம்ம ஆம்படையாளுக்குப் போடுவீரா” என்று கேட்டாராம். அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் அடுப்பை இடித்து, அந்த மண்ணைக் கூடையில் கொண்டுவந்து ஓட்டல் வாசலில் கொட்டினாராம். அன்றிலிருந்து மூன்று வேளையும் ஓட்டலிலிருந்துதான் வீட்டுக்கு வருகிறது.

எனக்கு வயது பதினைந்து. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 23

அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது. மெட்டி கழற்ற வரவில்லை. “நின்னுண்டே இருக்கேன், அதான்” என்கிறாள். நிற்பதற்கு இந்த வீட்டில் என்ன வேலை இருக்கிறது?

பிப்ரவரி 27

இன்று காலை முகமும். கண் இரண்டும் கோடாகிவிட்டது. பௌர்ணமி வந்துவிட்டது அம்மா, பஞ்சாங்கம்தான் லேட்டு என்றேன். சிரித்தாள். சிரித்ததும் கண் மூடியே போயிற்று.

மார்ச் 2, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மாவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார். திரிந்த பால் மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொண்டது. குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், வேலை செய்யவில்லையாம். உப்பு ஒரு கல்கூட ஆகாது, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்க ஓட்டல் சாப்பாட்டாலயா?”

டாக்டர், சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குதிரை வண்டியில் வீடு வந்தோம்.

வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். “இது வெளியில போகக் கூடாதுடி யதூ. ஓட்டல்காரன் ஆத்துக்காரிக்கே உடம்புன்னா, ஓட்டலைத்தான் சொல்லுவா. உங்கப்பா ஓட்டல் பேரு கெடக் கூடாது.” அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மார்ச் 3

அம்மாவைப் பார்க்க மறுபடி வந்திருக்கிற அத்தை சொன்னாள், ஒரு சின்ன மண் அடுப்பு வாங்கிக் கொல்லையில் வைத்துப் பத்தியம் பண்ணிப் போடலாமே என்று. நானும் சேர்ந்துகொண்டேன். யாருக்குத் தெரியப்போகிறது அப்பா?

“யாருக்கும் தெரியாதுடி. ஆனா அது இருக்கும்” என்றார்.

அப்பாவுக்குச் சத்தியம், அம்மாவுக்குப் பத்தியம். எதுகை நன்றாக விழுந்திருக்கிறது. வேறு எதுவும் நன்றாக இல்லை.

கடைசியில் ஆழ்வார் மாமா ஒரு வழி சொன்னார். பருப்பிலும் காயிலும் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்துத் தனியாக ஒரு தூக்கில் வைத்துவிடுவது. அதே பானை, அதே அடுப்பு. அப்பாவுக்கு அரை மனசு. தலையை ஆட்டினார்.

மார்ச் 12

தினம் பதினொரு மணிக்கு மூடி போட்ட பித்தளைத் தூக்கோடு சந்து வழியாக வீட்டுக்குப் போகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் எப்போதும்போல் அடுக்குப் பாத்திரத்தில் வருகிறது. தூக்கு மட்டும் தனி.

இன்று தானியக் கடை பசவராஜ், அவரும் தினமும் எங்களிடம் சாப்பிடுகிறவர், மறித்து நிறுத்திக் கன்னடத்தில் கேட்டார்: என்னம்மா, தூக்கில் என்ன விசேஷம்? நிஜத்தைச் சொல்ல முடியாது. சும்மா போயிருக்கலாம். என் நாக்கு சும்மா போகிற ஜாதியா?

“முதலாளி ஸ்பெஷல். உங்களுக்கெல்லாம் கிடைக்காது” என்றேன்.

கடைக்காரப் பையன்கள் ஓஹோ என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 15

என் நாக்கை அறுத்துப் போடலாம்.

மூன்று நாளில் சந்து முழுக்கப் பரவிவிட்டது. முதலாளி நம்பி ஐயங்கார் வீட்டுக்குத் தனிச் சாப்பாடு போகிறது, நமக்கெல்லாம் போர்டு, அவருக்குத் தூக்கு. எதிர் ஓட்டல்காரர் இதைத் தன் கல்லாவில் உட்கார்ந்தபடியே போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொல்கிறாராம். இன்று மத்தியானம் பாதி இலை காலி. யாரோ ஒருவர் அப்பாவின் முகத்துக்கு நேராகவே, போர்டை எடுத்துவிடுவதுதானே என்று கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். நீ என்ன சொன்னே என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் துணிகூடக் கொடுக்கவில்லை.

“அவா கேக்கறதுல என்னடி தப்பு? தனித் தூக்குதானே போறது.”

தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 16

இன்று முதல் கல்யாணி விலாஸில் எந்தப் பானையிலும் உப்புக் கிடையாது. சாம்பார், சாத்தமுது, கறமுது, கூட்டு எல்லாம் உப்பில்லாமல். ஒவ்வொரு இலை ஓரத்திலும் ஒரு சிட்டிகை உப்பு; வேண்டியவர் வேண்டிய மட்டும் கலந்துகொள்ளலாம். தூக்கு நின்றது. அம்மாவுக்கும் எல்லோருக்கும் போகிற அதே பானையிலிருந்து அதே அடுக்கில்.

ஆழ்வார் மாமா அடுக்களையில் நின்று மன்றாடினார். “கொதிக்கறப்போ போடற உப்பு வேற, மேல தூவற உப்பு வேற ஸ்வாமி. கத்திரிக்காயே அழும்.”

முதல் பந்தி உட்கார்ந்ததும் அப்பா நடுக்கூடத்தில் போய் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். என் ஆத்துக்காரிக்குச் சிறுநீரக வியாதி, உப்பு ஆகாது, தூக்கில் போனது உப்பில்லாத பருப்பு, அப்படித் தனியாக அனுப்பினது என் பிசகு என்றார். அதோடு விட்டிருக்கலாம். “எங்க சாப்பாட்டாலதான் வந்ததான்னு டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டார். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்” என்றார்.

நாலு பேர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள்.

அம்மாவிடம் நான் அடித்த சத்தியம் என்ன ஆயிற்று? அதை அப்பாவே உடைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “அவர் அப்படித்தான்” என்றாள். இது புகழ்ச்சியா, குற்றமா?

மார்ச் 21

பந்திக்கு ஒன்பது பேர். முன்பு நாற்பது.

சொந்தப் பெண்டாட்டியையே படுக்க வைத்த சாப்பாடு என்கிறார்களாம். உப்புச் சப்பில்லாத ஓட்டல் என்றும். கேலி என் சரக்கு. நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 2

லிங்கப்பன் ஒரு மாதம் கழித்து வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நானே போய்ச் சொன்னேன், நான் அடித்த ஜோக் உட்பட. கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். இலை ஓரத்து உப்பைத் தொடவில்லை. முழுச் சாப்பாடும், மோர் வரைக்கும், அப்படியே சாப்பிட்டார்.

உப்பு இருக்கிறதே, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

“இருக்கட்டுங் அம்மிணி. அம்மா எப்படித் திங்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதானுங்.”

பக்கத்து இலைக்காரர் உப்பின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டார். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 19

திரும்ப வருகிறார்கள். முதலில் வண்டிக்காரர்கள், பிறகு சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள். பசவராஜ் நேற்று வந்து, அப்பாவைப் பார்க்காமல் உட்கார்ந்து, அப்பாவைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்றும் வந்தார். இன்று பார்த்தார்.

உப்பைத் தொடாமல் எழுகிறவர்கள் தினமும் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள்.

ஏப்ரல் 28

ஒரு கன்னட வாரப் பத்திரிகையில் எங்களைப் பற்றி அரைப் பக்கம். மனைவிக்காக ஊருக்கே உப்பை நிறுத்திய ஓட்டல், வீட்டில் அடுப்பே வைக்காத முதலாளி. நாற்பது இலை போட்ட இடத்தில் இப்போது அறுபது. பெங்களூரிலிருந்துகூட வருகிறார்கள்.

அம்மாவுக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். முடித்ததும், “அடுப்பை இடிச்ச அன்னிக்கு நான் எங்கே இருந்தேன்னு அதுல போட்டிருக்கா?” என்று கேட்டாள்.

இல்லை. ஆழ்வார் மாமா சொல்கிற கதையிலும் இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அம்மா சொன்னாள். கல்யாணமாகி வந்து நாலாம் மாதம். மேலுகோட்டைக் கல்யாணி குளத்துக் களிமண்ணை அத்தையிடம் சொல்லி வரவழைத்து, ஒரு வாரம் பிசைந்து பிசைந்து அவளே போட்ட அடுப்பு. மூன்று குமிழும் ஒரே உயரமாக வர இரண்டு தடவை உடைத்துப் போட்டாளாம். செம்மண் பூசி, ஓரத்தில் இழைக்கோலம். அன்றைக்கு அதில் பால் காய்ந்துகொண்டிருந்தது.

“கடப்பாரையோட உள்ளே வந்தார். பாலை இறக்கி வைன்னார். இறக்கி வெச்சேன். வேற ஒண்ணும் கேக்கலை, நானும் கேக்கலை.”

பதினேழு வருஷம். அப்பாவுக்குத் தன் கையால் ஒரு பிடி சாதம் வடித்துப் போட்டதில்லை.

“ஊரே எனக்காக உப்பில்லாமச் சாப்பிடறது. நான் வேண்டாம்னு சொல்லலை. எனக்கு ஒரே ஒரு நாள், என் கையால சாத்தமுது வெச்சு அவருக்குப் போடணும்டி யதூ.”

ஏப்ரல் 29

அப்பாவிடம் சொன்னேன். ஓட்டல் அடுக்களைக்கு அழைத்துக்கொண்டு வா, அங்கே பண்ணட்டும், ஆழ்வாரை வெளியே நிற்கச் சொல்கிறேன் என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். “அங்கே வெச்சா அது ஓட்டல் சாத்தமுது.”

இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். அதுதான் கஷ்டம்.

மே 4

டாக்டர் வந்து போனார். ஆறு மாதம் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. எந்த மாதமும் சொல்லவில்லை.

மே 9, வியாழன்

மூன்று செங்கல். கிணற்றடியில் கிடந்தவை. கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். சுள்ளியும் வரட்டியும் பக்கத்து வீட்டில் வாங்கினேன். அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து மணை போட்டு உட்காரவைத்தேன். அடுப்பு மூட்டினேன் என்று எழுத ஆசை. பாதி நெருப்புப் பெட்டி தீர்ந்ததுதான் மிச்சம். அம்மா என் கையிலிருந்து குச்சியை வாங்கினாள். ஒரே குச்சி, ஒரு ஊது. பிடித்துக்கொண்டது. பதினேழு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை.

புளி, பருப்புத் தண்ணீர், மிளகு சீரகம், கறிவேப்பிலை. உப்பு இல்லை. ஒரு ஆழாக்கு அரிசியில் சாதமும்.

வரட்டி ஈரம் போலிருக்கிறது. புகை கூரைக்கு மேலே எழும்பிச் சந்து பக்கம் போயிற்று. நான் முறத்தால் விசிறிக் கலைக்கப் பார்த்தேன். “விடுடி, அடுப்புன்னா புகையும்” என்றாள் அம்மா.

யாரோ ஓட்டலில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் வீட்டில் புகை வருகிறது என்று. தீ பிடித்துவிட்டது என்று நினைத்து அப்பா பரிமாறுகிற கரண்டியோடு ஓடி வந்தார். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. செங்கல்லைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அவரைப் பார்க்காமலே சொன்னாள்: “இலை போடு யதூ. அப்பா வந்துட்டார்.”

போட்டேன். அவர் உட்காருவாரா என்று எனக்குத் தெரியாது. கரண்டியைக் கீழே வைத்தார், கால் அலம்பினார், உட்கார்ந்தார். அம்மா மணையிலிருந்தபடியே குனிந்து சாதம் போட்டாள். சாத்தமுதை ஊற்றினாள். இலைக்கு வெளியே கொஞ்சம் ஓடியது. அப்பா அதை விரலால் அணை கட்டி இலைக்குள் தள்ளிக்கொண்டார்.

சாப்பிட்டார். முடித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் கொஞ்சம்” என்றார்.

அம்மா முகத்தில் அப்போது ஒன்று வந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

கை அலம்பிக்கொண்டு நேரே ஓட்டலுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க ஆள். ஒரே ஒரு நாள் அப்பா, மூணு செங்கல், நான்தான் பண்ணினேன், கலைச்சுடறேன் என்றெல்லாம் கெஞ்சினேன்.

“ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேனே யதூ” என்றார். ஆணியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மே 10

வாசல் சுவர் வெள்ளையாக, போர்டு இருந்த இடம் மட்டும் அதைவிட வெள்ளையாக. வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்கிறார்.

மே 18

எதிர் ஓட்டல்காரர் புதுப் போர்டு மாட்டியிருக்கிறார். எங்கள் இரண்டு வரி, எழுத்துக்கு எழுத்து. அவர் வீட்டில் கீழே ஒரு அடுப்பு, மாடியில் ஒரு அடுப்பு, மாமியாருக்குத் தனியாக ஒன்று.

லிங்கப்பன் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். “போர்டு அங்க இருக்குதுங். சோறு இங்கத்தானுங்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். லிங்கப்பன் மாதிரியே பேசியும் காட்டினேன். கண் திறக்கவில்லை. உதடு மட்டும் சிரித்தது.

ஜூன் 3

மூச்சு விட சிரமப்படுகிறாள். மூன்று தலையணை.

ஜூன் 12

இன்று என்னை யாரென்று கேட்டாள். வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்து, நான்தான் பக்கத்து வீட்டுப் பொண்ணு என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 21, வெள்ளி

அம்மா போய்விட்டாள். காலை ஏழு மணி.

ஜூன் 22

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதாம். அத்தை சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஓட்டல் மூடியிருக்கிறது. வாசலில் லிங்கப்பனும் வண்டிக்காரர்களும் காலையிலிருந்து நிற்கிறார்கள். உள்ளே வரவில்லை. இளநீர்க் குலை ஒன்றைப் படியில் வைத்திருந்தார்கள்.

ஜூலை 5

ஓட்டல் திறந்தது. பானையில் உப்பா, இலையில் உப்பா என்று ஆழ்வார் மாமா கேட்டார். அப்பா, “பானையிலேயே போடுங்கோ. ஆத்துல இப்போ எல்லாரும் சாப்பிடலாம்” என்றார்.

மாமா அழுதுகொண்டே போட்டதில் சாம்பாரில் உப்பு இரண்டு பங்கு ஆகிவிட்டது. அறுபது பேர் சாப்பிட்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அதேதான் வந்தது. சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 14

ஸ்கூலில் வாத்தியார் நாற்காலியில் யாரோ மை ஊற்றியிருந்தார்கள். நேரே என்னிடம் வந்தார்கள். நான் இல்லை. யாரும் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கையில்லை.

செங்கல் மூன்றும் கொல்லையில் அப்படியே கிடக்கின்றன. அப்பாவும் எடுக்கச் சொல்லவில்லை. அவற்றில் மறுபடி நெருப்பு எரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

தசராக் கூட்டம். ஊர் தாங்கவில்லை. எங்களுக்கு இந்த வருஷம் கொலு இல்லை. நான் ஓட்டலில் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி, தமிழ்க்காரர்கள். அந்த மாமா பழைய பத்திரிகைத் துண்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். போர்டைத் தேடினாராம், காணோமாம். உட்கார்ந்ததும் அப்பாவிடம், “ஆத்துல அடுப்பே வைக்காத ஓட்டல்காரர் நீங்கதானே” என்று கேட்டார். கேட்கும்போதே முகத்தில் சந்தோஷம்.

அப்பா சாத்தமுது வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

“இல்லை. ஒரு நாள் எரிஞ்சது” என்றார். “மே மாசம் ஒன்பதாம் தேதி.”

அந்த மாமா பத்திரிகைத் துண்டை மடித்தார், பிரித்தார். என் நாக்கில் ஒரு பதில் தயாராக இருந்தது, இரண்டு பேரையும் சிரிக்க வைக்கும்படி. விழுங்கிவிட்டேன்.

அவருடைய ஆத்துக்காரிதான் தலையை நிமிர்த்திக் கேட்டாள்: “அன்னிக்கு என்ன தளிகை?”

அப்பா வாளிக்குள் கரண்டியை விட்டு ஒரு தடவை கலக்கினார்.

“சாத்தமுது. உப்பில்லை” என்றார். “நன்னா இருந்தது.”

பிறகு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.